கப்பல் வந்தாச்சா?

அந்தமானில், போர்ட் பிளேரில் எங்கள் வீட்டில் காலையில் காப்பிக்கு முன்னால் கேட்கும் கேள்வி, “கப்பல் வந்தாச்சா?” என்பதுதான். சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ சரக்குக் கப்பல் ஹேடோ துறைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வரவில்லை என்றால் பூசணிக்காய், வாழைக்காய், வீட்டுக்குப் பின்னால் வளரும் கீரை. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னால் சென்னையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் லீவா என்று பார்ப்பார்கள். எங்கள் ஊர் அபர்தீன் பஜாரில் வெங்காயத்தின் விலை அன்று மத்தியானமே ஏறிவிடும். மழை இன்னும் வந்தே இருக்காது.

அப்பா 1979-இல் பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி, அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். நான் அங்கேயே பிறந்து பன்னிரண்டாவது வரை படித்தேன். இப்போது குடியிருப்பது தாம்பரத்தில். ஆனாலும் பர்ஸில் தீவுவாசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஐலேண்டர் கார்டு என்றால்தான் அங்கே யாருக்கும் புரியும். அதைக் காட்டினால் சென்னைக் கப்பலில் டிக்கெட் விலை மற்றவர்கள் கொடுப்பதைவிட மிகக் குறைவு. மற்றவர்கள் கொடுக்கும் விலையும் கப்பல் ஓட்டும் செலவுக்குக் கட்டுப்படியாகாது. ஆக, ஏறுகிற எல்லோருக்கும் மானியம், எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் மானியம்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த மாமா அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்களுக்கென்னம்மா, நாங்க கட்டுற வரியிலதானே உங்க ஊரே ஓடுது” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வடையைத் தட்டில் வைத்தேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகு மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு அலுவலகத்தில் பில் பிரிவு. கணக்குப் போடுகிற வியாதி எனக்கும் உண்டு.

மாமா சொன்னது சரிதான். சொல்லப்போனால் அவர் குறைத்தே சொல்லியிருக்கிறார். அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு மத்திய பட்ஜெட்டில் சமீப வருடங்களில் ஒதுக்கப்படுவது வருடத்துக்கு 5,000 கோடி ரூபாய்க்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இப்போது நாலு லட்சம் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு ஒண்ணேகால் லட்சம் ரூபாய். சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே வசூலாகும் காசும் தீவின் பெட்டியில் தங்காது. நேரே இந்திய அரசின் தொகுப்பு நிதியில் சேரும், செலவுக்கு அங்கிருந்துதான் வரவேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருகிறவரை எங்கள் ஊரில் விற்பனை வரி என்று ஒன்று கிடையாது என்பதை மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வடையைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடியில் கண்ணாடியிழைக் கேபிள் வந்தது. ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் என்று கிளை பிரிந்து மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி. தலைக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு இணையம்! எந்தத் தனியார் கம்பெனியும் நாலு லட்சம் பேரை நம்பி இப்படி ஒரு கேபிளைப் போடாது. அதற்கு முன்னால் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்க நானும் தம்பியும் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறோம். அந்த நேரத்தில்தான் செயற்கைக்கோள் இணைப்பில் நெரிசல் குறையும்.

சரி, இவ்வளவு காசு கொட்டி ஒரு ஊரை ஓட்ட வேண்டிய நிலை எப்படி வந்தது? இதற்குச் சாதாரணமாகச் சொல்லும் பதில், தூரம். சென்னையிலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். தூரம் ஒரு காரணம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்த ஊரில் இருக்கிற பலரை அங்கே கொண்டுபோய் வைத்ததே அரசாங்கம் என்பது.

1858-இல் இருநூறு கைதிகளோடு ஆரம்பித்த குடியிருப்பு அது. சோறு போட்டது, துணி கொடுத்தது, வேலை வாங்கியது, வெட்டிய மரத்தை எடுத்துக்கொண்டது எல்லாமே சர்க்கார். 1883-இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை வந்தது, அதுவும் சர்க்காருடையது. சுதந்திரம் வந்த பிறகு, 1949-இலிருந்து, கிழக்கு வங்காள அகதிகளைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். வயலும் மேட்டு நிலமும் சேர்த்துக் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர், உழவு மாடு, கையில் கொஞ்சம் பணம். காடு வெட்டவும் சாலை போடவும் ராஞ்சிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1969-இலிருந்து கிரேட் நிகோபாரின் கேம்பல் பேயில் முன்னாள் ராணுவத்தினர் 330 குடும்பங்களைக் குடியேற்றினார்கள். பஞ்சாபிகள், மராத்தியர்கள், மலையாளிகள், அவர்களோடு நம் ஆட்களும். எல்லைக் கடைசியில் நம்பிக்கையான ஆட்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கு. வந்தவர்கள் யாரும் வியாபாரம் செழிக்கும் என்று தேடி வந்தவர்கள் இல்லை. நாட்டுக்கு அங்கே ஆள் தேவைப்பட்டது, ஆளை வைத்தார்கள்.

இதில் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு கதை கச்சால். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்களை எழுபதுகளில் நிகோபார் மாவட்டத்தின் கச்சால் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய கைக்கு ரப்பர் மரத்தைக் கீறும் கத்தியைக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு ஆயா இருந்தார், கச்சாலிலிருந்து வந்தவர். இந்தியாவுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னதும் மதுரை மாதிரி ஒரு ஊரை மனசில் நினைத்துக்கொண்டு கப்பலேறியவர். “எறங்கிப் பாத்தா காடும் கடலும்தான் சாமி. இந்தியா எங்கேன்னு கேட்டேன், இதுதான்னாங்க” என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். தோட்டம், வீடு, ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாமே சர்க்கார் கொடுத்தது. சர்க்காருக்கு வெளியே அந்தத் தீவில் அவருக்கென்று வேறு உலகம் இருக்கவில்லை. இப்படி ஒருவரிடம் போய் “சொந்தக் காலில் நில்” என்று யார் சொல்வது?

2004 டிசம்பர் சுனாமியில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. அன்றைக்கு நான் கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். விடிகாலைப் பூகம்பத்தில் அலமாரி சாய்ந்தது, அம்மா சாமி படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு அதோடு போயிற்று. நிகோபாரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வர ஆரம்பித்த பிறகுதான் நடந்தது என்னவென்று புரிந்தது. ஆயாவின் சொந்தக்காரர்கள் சிலரைப் பள்ளிக்கூட முகாம்களில் தேடித் தேடிப் பார்த்தோம். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

சுனாமி செய்த இன்னொரு காரியம் இந்தக் கட்டுரைக்குச் சொந்தமானது. தென் அந்தமானில் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகிற வழியில் சிப்பிகாட் என்ற இடம் வரும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே நெல் வயல். இப்போது உப்புத் தண்ணீர் நிற்கிறது, நடுநடுவே பட்டுப்போன தென்னைகள் மொட்டையாக. வயல்காரர்களுக்கு நிவாரணம் வந்தது. வயல் திரும்பி வரவில்லை. நிகோபாரில் தென்னந்தோப்புகளே கடலுக்குள் போயின. கொப்பரை விற்று அரிசியும் துணியும் வாங்கியவர்கள், தகரக் கொட்டகையில் உட்கார்ந்து நிவாரண அரிசி வாங்கினார்கள். புதிய தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அந்த ஆறேழு வருடத்தில் ஒரு தலைமுறைக்குக் கூப்பன் பழகிவிட்டது.

தீவு தன் கையால் சம்பாதித்த காலமும் உண்டு. மரம்தான் சம்பாத்தியம். படாக், கர்ஜன் என்று பெயர் சொன்னாலே மெயின்லேண்ட் மர வியாபாரிகள் காது கொடுப்பார்கள். ஒட்டுப்பலகை ஆலைகள் இருந்தன, தீப்பெட்டிக் கம்பெனிக்கும் அங்கே ஆலை இருந்தது. 1977-இல் அரசே வன வளர்ச்சிக் கழகம் ஒன்றை ஆரம்பித்து மரமும் வெட்டியது, ரப்பரும் செம்பனையும் நட்டது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், தான் நியமித்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, இயற்கைக் காட்டில் மரம் வெட்டி வெளியே அனுப்புவதை நிறுத்தியது. தீவுக்காரர்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் கொஞ்சம் அனுமதி.

அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதே வேகத்தில் வெட்டியிருந்தால் ஜாரவா பழங்குடிகளுக்கும் காடு மிஞ்சியிருக்காது, எங்களுக்குக் குடிதண்ணீரும் மிஞ்சியிருக்காது. ஆனால் அதற்கான விலையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வன வளர்ச்சிக் கழகத்தின் வருமானம் அடியோடு போயிற்று. மத்திய அரசிடம் கடன் வாங்கித்தான் சம்பளம் கொடுத்தார்கள். பதினைந்து வருடம் இப்படி இழுத்துவிட்டு 2017-இல் அதை மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. காட்டைக் காப்பாற்று என்று நாடு சொன்னது, தீவு காப்பாற்றியது. அதற்கான கூலி என்ற தலைப்பில் எந்த பட்ஜெட்டிலும் ஒரு பைசா எழுதப்படவில்லை. வருகிற பணத்துக்குப் பெயர் மானியம். மானியம் என்று எழுதினால் வாங்குகிறவர் தலை குனிய வேண்டும், கூலி என்று எழுதினால் வேண்டாம். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பில் பிரிவில் வேலை பார்த்ததில்லை.

பில் பிரிவு என்றதும் மார்ச் 31 ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கலுக்கு அடுத்த பெரிய நாள் அதுதான். மார்ச் பிறந்ததுமே அப்பா பேச்சில் ஒரே சொல்தான் இருக்கும்: லேப்ஸ். ‘ஃபண்டு லேப்ஸ் ஆயிடும்.’ ஒதுக்கிய பணத்தை அந்த ராத்திரிக்குள் செலவுக் கணக்கில் ஏற்றாவிட்டால் டெல்லிக்குத் திரும்பிவிடும், அடுத்த வருடம் “போன தடவையே செலவு பண்ணலையே” என்று குறைத்துக் கொடுப்பார்கள். அதனால் மூன்று பிளாஸ்கில் டீயும் ஒரு தூக்கில் எலுமிச்சை சாதமும் எடுத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு நானும் அம்மாவும் அலுவலகத்துக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். மேஜை முழுக்கச் சிவப்பு நாடா கட்டிய பில் கட்டுகள். வராந்தாவில் ஒப்பந்தக்காரர்கள் வரிசையாகப் பெஞ்சில். அப்பா நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டார், ரப்பர் ஸ்டாம்பு சத்தம் மட்டும் கேட்கும்.

ஊரில் சாலை போடுவதும் அந்த மாதத்தில்தான். பிப்ரவரி, மார்ச்சில் பரபரவென்று தார் ஊற்றுவார்கள். மே கடைசியில் பருவமழை. அங்கே வருடத்தில் பாதிக்கு மேல் மழைதான். ஆகஸ்டில் சாலை பழையபடி பள்ளமாகிவிடும், அடுத்த மார்ச்சில் மறுபடி தார். நிதியாண்டை டெல்லி வெயிலுக்குத் தகுந்தபடி வகுத்திருக்கிறார்கள், அந்தமான் மழைக்குத் தகுந்தபடி இல்லை. சின்ன வயதில் எனக்கு, மழைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஏதோ உடன்பாடு இருக்கிறது என்று நிஜமாகவே சந்தேகம் இருந்தது.

அரசாங்க வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. ஊரில் கல்யாணப் பேச்சு எடுத்தால் பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்கமாட்டார்கள், “ரெகுலரா, டிஆர்எம்மா?” என்பார்கள். டிஆர்எம் என்றால் தினக்கூலி மஸ்தூர். அரசுத் துறைகளில் நாள் கூலிக்குச் சேர்ந்து, பத்து, பதினைந்து, இருபது வருடம் என்று என்றைக்காவது நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் இருப்பவர்கள். அவர்களிலும் ‘ஒன் பை தேர்ட்டி’ வாங்குகிறவர் ஒரு படி மேலே. அதாவது, நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு ஒரு நாள் கூலி. இந்த விவகாரம் எவ்வளவு பெரியது என்றால், தினக்கூலிகளுக்குத் தர வேண்டியதைத் தரச் சொன்ன உத்தரவை நிறைவேற்றவில்லை என்று 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலாளரையே சஸ்பெண்ட் செய்தது, துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வேறு எந்த ஊரிலாவது தினக்கூலிக்காரர்கள் ஒரு நிர்வாகத்தையே இப்படி ஆட்டிப் பார்த்ததுண்டா, தெரியவில்லை. அந்த ஊரில் வேறு முதலாளியே இல்லாததால் வந்த சண்டை இது.

சுற்றுலா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் ஹோட்டல் நடத்தும் என் பள்ளித் தோழியைக் கேட்டால், சீசன் எப்படி இருக்கும் என்பதற்கு அவள் வானிலையைப் பார்ப்பதில்லை, எல்டிசி சுற்றறிக்கையைத்தான் பார்ப்பாள். மத்திய அரசு ஊழியர்களின் விடுப்புப் பயணச் சலுகையில், விமானத்தில் போகத் தகுதியில்லாத கீழ்நிலை ஊழியரும் அந்தமானுக்கு விமானத்தில் போகலாம் என்று ஒரு தனிச் சலுகை உண்டு. அதை அவ்வப்போது நீட்டிப்பார்கள். நீட்டிப்பு அறிவிப்பு தாமதமானால் ஊரில் டாக்சிக்காரர் வரை கவலைப்படுவார். அதாவது, எங்கள் தனியார் தொழிலுக்கு உள்ளேயும் கையை விட்டுப் பார்த்தால் சர்க்கார் பணம் சிக்கும்.

மின்சாரம் தனிக் கதை. தீவுக்குத் தீவு கடல் இருப்பதால் எல்லாவற்றையும் இணைக்கும் கட்டமைப்பு கிடையாது. பெரும்பாலும் டீசல் எந்திரங்கள்தான். டிக்லிபூரில் 2001-இல் வந்த கல்போங் நீர்மின் நிலையம் வெறும் 5.25 மெகாவாட். டீசலும் கப்பலில் வர வேண்டும் என்பதால் ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் செலவு, வீட்டுக்காரர்களிடம் வாங்கும் விலையைப் போலப் பல மடங்கு. வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். எங்கள் நெய்வேலிக்காரர்கள் வந்துதான் போர்ட் பிளேர் பக்கம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை பேட்டரியோடு சேர்த்து அமைத்தார்கள். பழுப்பு நிலக்கரி தோண்டுகிறவர்கள் தீவுக்கு வந்து வெயிலை அறுவடை செய்கிறார்கள் என்று அப்பா சிரிப்பார். ஆனால் சூரியத் தகடு விரிக்கச் சமதளம் வேண்டுமே. மீதி நிலமெல்லாம் மலை, காடு, இல்லாவிட்டால் ராணுவம்.

இந்த இடத்தில் மாமாவுக்கு நான் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன். வருகிற பணம் எங்கே தங்குகிறது?

அம்மாவின் மாதக் கணக்கு நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் சம்பளம் தொகுப்பு நிதியிலிருந்து வந்தது. அதில் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, பற்பசை, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் மெயின்லேண்ட் சரக்கு. முட்டைகூட பல சமயம் நாமக்கல். பள்ளிச் சீருடை, டிவி, மிக்சி, கட்டிய வீட்டின் சிமெண்ட், கம்பி, ஓடு எல்லாமே கப்பலில் வந்தவை. நான் சென்னையில் படித்த நாலு வருடச் செலவு, அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு மதுரை, வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிற செலவு. அதில் தீவிலேயே தங்கியது எவ்வளவு என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். மீன், கீரை, தேங்காய், பால்காரர், ஆட்டோ. நூற்றுக்கு இருபதுகூட வரவில்லை. மீதி எண்பதும் வந்த கப்பலிலேயே திரும்பிப் போயிருக்கிறது. கொத்தவால்சாவடி மண்டிக்காரருக்கும் பாரிமுனை மொத்த வியாபாரிக்கும் நாமக்கல் பண்ணைக்காரருக்கும் தாம்பரம் விடுதிக்காரருக்கும் போன பணம் அது. மாமா முப்பது வருடம் வேலை பார்த்தது ஒரு சிமெண்ட் கம்பெனியில். அந்தமானுக்குப் போன மூட்டைகளில் அவர் சம்பளமும் கொஞ்சம் இருந்திருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு தீவுக்காரர்களை அப்படியே விட்டுவிடவும் மனசு வரவில்லை. எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. தேங்காய் விழுந்து முளைத்துக் கிடக்கும், பொறுக்க ஆள் வராது. அதே வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டில் கேரளாவிலிருந்து வந்திருக்கும். இந்தியாவுக்கு மட்டும் மீன்பிடி உரிமையுள்ள பொருளாதாரக் கடல் மண்டலத்தில் கால்வாசிக்கு மேல் இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் இருக்கிறது. சூரை மீன் மேய்கிற கடல். ஆனால் ஐஸும் குளிர்பதனக் கிடங்கும் ஏற்றுமதிக்கு விமானமும் இல்லாமல் பிடித்து என்ன செய்வது என்று மீனவர் கேட்பார். பிடிக்க ஆளில்லாமல் கிடங்கு கட்டி என்ன செய்வது என்று அதிகாரி கேட்பார். இந்த இரண்டு கேள்வியையும் நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோதே கேட்டிருக்கிறேன், இன்றும் கேட்கிறேன். பையன்கள் டிஆர்எம் பட்டியலில் பெயர் வருமா என்று காத்திருந்தே முப்பதைத் தாண்டுகிறார்கள். நானே தீவு மாணவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் பொறியியல் சேர்ந்தவள்தான். படித்து முடித்ததும் திரும்பிப் போகவில்லை. என் மேல் செலவழித்த பணமும் மெயின்லேண்டிலேயே தங்கிவிட்டது.

எனக்கு உண்மையில் உறுத்துவது பணத்தைவிடப் பேச்சுரிமை. புதுச்சேரியும் யூனியன் பிரதேசம்தான், ஆனால் அங்கே சட்டமன்றம் இருக்கிறது, முதலமைச்சர் இருக்கிறார், தெருவில் இறங்கித் திட்டுவதற்கு ஒரு எம்எல்ஏ இருக்கிறார். எங்களுக்கு ஒரே ஒரு எம்பி. மற்ற எல்லாமே துணைநிலை ஆளுநர், அவருக்கு மேலே உள்துறை அமைச்சகம். அதிகாரிகள் இரண்டு மூன்று வருடத்துக்கு வந்து போவார்கள். எந்தத் தீவுக்கு ஆஸ்பத்திரி, எந்தத் தீவுக்குப் படகு என்பதையெல்லாம் முடிவு செய்கிறவருக்கு எங்கள் ஓட்டு தேவையில்லை. 2018-இல் ஹேவ்லாக், நீல், ராஸ் தீவுகளுக்குப் புதுப் பெயர் வந்தது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று. விடுதலைப் போராட்டத்தின் வெற்றியைக் குறிக்கும் பெயர் என்றார்கள், சோழர் கடற்படைத் தளமாக இருந்த தீவு என்றும் சொன்னார்கள், தமிழச்சியாக எனக்குக் கோபம் வரக்கூடாதுதான். கோபம் வரவில்லை. ஆனால் பிறந்த ஊரின் பெயர் மாறியதை நான் தாம்பரம் ரயிலில் யாரோ ஒருவரின் செல்போன் செய்தியிலிருந்து தெரிந்துகொண்டேன். அம்மா வெற்றிமலை முருகன் கோவில் வாசலில் பூக்காரம்மாவிடம் தெரிந்துகொண்டாராம்.

கிரேட் நிகோபார் திட்டமும் அப்படி வந்ததுதான். 72,000 கோடி ரூபாய். கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக முனையம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம். 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குப் போகும். முட்டையிட வரும் தோல்முதுகு ஆமைகளின் கரை அது, ஷோம்பென் பழங்குடி மக்களின் காடு அது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த அதே மாதம், நிகோபாரிகளின் பழங்குடி மன்றம் முன்பு கொடுத்திருந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. ஒட்டுப்பலகைக்கு மரம் வெட்டாதே என்று இருபது வருடத்துக்கு முன் நமக்குச் சொல்லப்பட்ட அதே தீவுக்கூட்டம்தான். இனிமேல் யாராவது தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் இந்த 72,000 கோடியையும் நாலு லட்சத்தால் வகுத்து எங்கள் கணக்கில் எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வகுத்தால் தலைக்குப் பதினெட்டு லட்சம். ஆயா உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பதினெட்டு லட்சத்தை எந்தக் கவுண்டரில் வாங்குவது என்று கேட்டிருப்பார்.

மார்கழியில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா கேட்டது முருங்கைக்காய், சின்ன வெங்காயம், ஒரு கட்டு கருவேப்பிலை. பங்க் கிளாஸில் என் பக்கத்துப் படுக்கைக்காரர் இட்லி அரிசி மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். எதிரில் ஒரு அம்மா மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டி. நாங்கள் எல்லோரும் மானிய டிக்கெட்டில் மெயின்லேண்ட் சரக்கை ஏற்றிக்கொண்டு போனோம்.

திரும்பி வரும் நாளன்று கப்பல் கிளம்பத் தாமதமானது. மேல்தளத்தில் நின்று ஹேடோ துறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கட்டியிருந்த சரக்குக் கப்பலில் கிரேன் ஏற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொப்பரை மூட்டை, கொஞ்சம் பாக்கு மூட்டை, பழைய இரும்பு. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டிகள், காலியாக, பத்துப் பத்தாக அடுக்கிக் கயிறு கட்டி. அது முடிய முக்கால் மணி நேரம் ஆனது. சென்னையில் இறங்கி ராஜாஜி சாலையில் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன்.

“போய்ச் சேந்தியா? அங்க தக்காளி என்ன வெல?”